ஈரக்காற்று போகும் வழி

ஐப்பசி பிறந்தால் கண்டியில் உடுப்பு காய்வது நின்றுபோகும். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையை ஊர் ஒருவாறு சமாளித்துவிடும். அது வரும், போகும், இடையில் வெயில் எட்டிப் பார்க்கும். ஒக்டோபர், நவம்பர் மழை வேறு ரகம். காலையில் வானம் வெளுத்து, துணியை வெளியே போடச் சொல்லி ஆசை காட்டும். பகல் சாப்பாடு முடிவதற்குள் ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, நடுவில் வாவி, ஊரை வளைத்துக்கொண்டு ஓடும் மகாவலி. காற்றுக்கு இங்கே ஈரப் பஞ்சம் என்றைக்கும் வந்ததில்லை. விறாந்தையிலும் தகரக் கூரைக்கடியிலும் தொங்குகிற சேர்ட்டுகள் இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மக்கல் வாடையோடு உள்ளே வரும்.

வீடுகள் அந்த வாடையோடு வாழப் பழகிவிட்டன. ஹோட்டல்களால் முடியாது. தினமும் விரிப்பும் துவாயும் மாற்ற வேண்டிய விடுதிகளும், அவற்றை நம்பிப் பிழைக்கிற லாண்டரிகளும் டிரையர் வைத்திருக்கின்றன. மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சியவர்களிடம் இருப்பது காஸ் டிரையர். இலங்கையில் குழாய்வழி இயற்கை எரிவாயு கிடையாது. ஆகவே கொல்லைப்புறத்தில் 37.5 கிலோ சிலிண்டர்கள் ஒன்றோ இரண்டோ நிற்கும். அங்கிருந்து ரெகியூலேட்டர், குழாய், இயந்திரம்.

இந்த இயந்திரத்தைப் பற்றி வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றேதான்: சூடு பத்தவில்லை. டிரம் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துவாய் வெதுவெதுப்பாக, ஈரமாக, பிழிந்தால் சொட்டுகிற பக்குவத்தில் கிடக்கிறது. முதலாளி பாஸைக் கூப்பிடுவார். (காஸ் அடுப்பிலிருந்து பம்ப் மோட்டார் வரை திருத்துகிறவர் இந்த ஊரில் பாஸ்தான், எந்த மொழி பேசினாலும் அதுதான் பட்டம்.)

“நெருப்பே வருதில்ல தம்பி. பேர்னர மாத்தணும் போல.”

“நெருப்பு வருது முதலாளி. வந்த சூடு போக வழியில்லாம அணையுது. மொதல்ல பின்னால குழாயக் கழட்டிப் பார்ப்போம்.”

பாஸ் சொல்வது சரி. காஸ் டிரையரின் உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. மின்சாரத்தில் சிவக்கிற ஒரு சிறு துண்டு தீமூட்டியாக நிற்கிறது. அது போதிய அளவு பழுத்ததை உணர்வி பார்த்ததும் வால்வு திறக்கும், காஸ் பற்றும். ஒரு விசிறி வெளிக்காற்றை அந்தச் சுவாலையைத் தாண்டி இழுத்து, டிரம்முக்குள் சுழல்கிற துணிகளுக்கூடாக ஓட்டி, பஞ்சு வடியைக் கடந்து சுவருக்கு வெளியே தள்ளுகிறது. பின்குழாயில் பஞ்சு அடைத்துவிட்டால், அல்லது வெளிமூடியில் குருவி கூடு கட்டிவிட்டால், காற்று நகராது. சுவாலைக்குப் பக்கத்தில் வெப்பம் தேங்கி எல்லை மீறும். அங்கே அதற்கென்றே காவலுக்கு வைத்திருக்கிற வெப்பநிலைச் சுவிட்சு காஸை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி நிற்கும். துணிக்கு வந்துசேர்வது வெதுவெதுப்பு மட்டுமே. பேர்னர் அருகே சூடு அளவுக்கு மிஞ்சியதால் துணிக்குச் சூடு இல்லாமல் போகிறது.

எல்லாக் கோளாறும் காற்றுக் கோளாறு என்று சொல்ல வரவில்லை. வால்வைத் திறந்து பிடிக்கிற மின்காந்தச் சுருள்கள் பழசானால் ஒரு விசித்திரம் நடக்கும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது அவை ஒழுங்காக வேலை செய்யும்; சூடேறியதும் தளர்ந்துவிடும். முதல் தடவை சுவாலை அழகாக வரும். வெப்பநிலை எட்டியதும் அணையும். அடுத்த முறை மூட்டும்போது தீமூட்டி சிவந்து சிவந்து நிற்கும், காஸ் வராது. பாஸ் வருவதற்குள் இயந்திரம் ஆறியிருக்கும் என்பதால், அவர் முன்னால் அது குற்றமற்ற பிள்ளையாக எரிந்துகாட்டும். இந்தக் கோளாறைப் பிடிக்க அறிவைவிடப் பொறுமை வேண்டும். உட்கார்ந்து ஒரு சுற்று முழுவதையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டருக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளே திரவமாக இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் கழி 42 பாகையிலேயே ஆவியாகும். பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழே. பெரிய டிரையர் வேகமாக இழுக்கும்போது திரவம் வேகமாக ஆவியாக வேண்டும். அதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் சுவரிலிருந்துதான் எடுக்கும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கிற சிலிண்டரின் வயிறு வியர்க்கிறது. திரவம் குறையக் குறைய சுவரைத் தொடும் பரப்பும் குறையும், அழுத்தம் இறங்கும், சுவாலை குறுகும். கண்டியில் இது கடைசிக் கால் சிலிண்டரில் தெரியும். நுவரெலியாவின் மார்கழி இரவில் அதற்கும் முன்னரே தெரியும். இந்தக் கலவை விகிதம் ஒரு காலத்தில் இரசாயனப் பாடநூல் விடயமாக மட்டும் இருந்தது. 2021 இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் வெடிப்புகள் நடந்து, ஜனாதிபதி நியமித்த குழு கலவை மாற்றத்தைக் காரணமாகச் சுட்டிய பிறகு, தேநீர்க் கடை வாங்கில் இருந்தவர்களும் புரொப்பேன் வீதம் பேசினார்கள். அடுத்த ஆண்டு பேசுவதற்கு காஸே இல்லை. வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு மக்கள் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் சூடு ஏறாத டிரையரோடு மல்லுக்கட்டுவது கண்டிக்கு லாண்டரி கற்றுத்தந்த பாடமல்ல. சுற்றியுள்ள மலைகளில் அந்த மல்லுக்கட்டு நூற்றைம்பது வருஷமாக நடக்கிறது. அங்கே உலர வேண்டியது கொழுந்து.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதுவரை இந்த மலைகளை ஆண்ட கோப்பியின் இலைகளைச் சிதைத்த துருநோய் அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. டெய்லரின் முதல் தொழிற்சாலை அவருடைய பங்களா விறாந்தை. மேசையில் கையால் உருட்டிய இலையைக் கம்பித் தட்டுகளில் பரப்பி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் வைத்து உலர்த்தினார்கள். கரி எரிகிற அறையில் நாள் முழுக்க நிற்பது என்ன என்பதை அந்தத் தட்டுகளைப் புரட்டியவர்கள் எழுதிவைக்கவில்லை; எழுதும் நிலையில் அவர்கள் வைக்கப்படவில்லை. டெய்லர் 1892இல் இறந்தார். கல்லறை கண்டியின் மஹியாவை மயானத்தில் இருக்கிறது. தேயிலைச் சரித்திரம் தேடி வருகிறவர்கள் இன்றும் அங்கே போய்ப் பார்க்கிறார்கள்.

கரி அடுப்பை ஒழித்த ஆள் இலங்கைக்காரருமல்ல, இலங்கைத் துரையுமல்ல. சாமுவேல் க்ளீலண்ட் டேவிட்சன் என்ற பெல்ஃபாஸ்ட்காரர் 1864இல் இன்று அசாமில் உள்ள கச்சாரின் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். நெருப்பையும் இலையையும் பிரிக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. நெருப்பு இரும்புக் குழாய்களைச் சுடட்டும், குழாய்கள் காற்றைச் சுடட்டும், காற்று இலைக்குப் போகட்டும். புகை ஒரு வழி, காற்று ஒரு வழி. 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ வேலைத்தளம் தொடங்கி, உலர்த்திகளைத் தேயிலை நாடுகளுக்கெல்லாம் அனுப்பினார். கொஞ்ச காலத்தில் அவருக்கு இன்னொன்று புரிந்தது: சூடான காற்றை உண்டாக்குவது சுலபம், அதைப் போதிய அளவில் நகர்த்துவதுதான் கஷ்டம். எனவே விசிறியில் கை வைத்தார். முன்னோக்கி வளைந்த பல சிறு இதழ்களை உருளை வடிவில் அடுக்கிய அவருடைய மையவிலகு விசிறி 1898இல் வந்தது. கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டப் போன அந்த விசிறியின் வம்சம்தான் இன்று குளிரூட்டிகளிலும் காற்றுலைகளிலும் சுழல்கிறது. கண்டி லாண்டரியின் டிரையருக்குள் பஞ்சு படிந்து கிடக்கிற சக்கரமும் தூரத்து உறவுதான். தேயிலைக்காரரின் தலைவலி துணிக்காரருக்கு முதுசமாய் வந்திருக்கிறது.

ஊரிலிருந்து மூன்று கிலோமீற்றர் ஏறினால் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. 1925இல் கட்டியது, 2001 முதல் தேயிலை நூதனசாலை. வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த நாலு மாடிக் கட்டடம். வருகிறவர்கள் கீழ்த்தளத்து இயந்திரங்களைப் பார்த்து, மேல்தளத்தில் தேநீர் குடித்து, மலையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த ஜன்னல்கள் ஏன் அத்தனை என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கு. பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை இரவு முழுக்கப் பரப்பி, காற்றில் வாடவிட்டு, விடியற்காலையில்தான் கீழே இறக்கி அரைப்பார்கள். பிறகு நொதிக்க விடுவார்கள். டிரையர் எல்லாவற்றுக்கும் கீழே, தரையில், அடுப்போடு ஒட்டி இருக்கும்.

டிரையரில் விழும்போது இலையில் இன்னமும் பாதிக்கு மேல் ஈரம். சுமார் 55 வீதம் என்று வையுங்கள். வெளியே வரும்போது 3 வீதம். அப்படியானால் ஒரு கிலோ தேயிலைக்காக டிரையர் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான தண்ணீரை ஆவியாக்கி ஓட்ட வேண்டும். அதைச் சுமப்பது காற்று. கண்டியின் மழைநாள் காற்று, 25 பாகையில் 80 வீத ஈரப்பதனோடு இருப்பது, அப்படியே விட்டால் ஒன்றையும் உலர்த்தாது. அதே காற்றை 95 பாகைக்குச் சுட்டால் அதன் ஈரப்பதன் 3 வீதமாகச் சுருங்கிவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரு துளிகூடக் குறையவில்லை, தாகம்தான் பெருகியிருக்கிறது. அந்தத் தாகத்துக்கும் எல்லை உண்டு. 95 பாகையில் நுழைந்து 52 பாகையில் வெளியேறுகிற ஒரு கிலோ காற்று ஏறத்தாழ 18 கிராம் தண்ணீரைத்தான் தூக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ தேயிலையை உலர்த்தக் கிட்டத்தட்ட 60 கிலோ காற்று வேண்டும். தேயிலை டிரையர் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பாதை. அதன் ஒரு முனையில் நெருப்பு எரிகிறது, அவ்வளவுதான்.

பழைய சங்கிலி டிரையரில் இலை மேலிருந்து துளைத்தட்டுகள் வழியே படிப்படியாக விழும். வெப்பக் காற்று கீழிருந்து ஏறும். உலர்ந்த இலை புதிய காற்றைச் சந்திக்கும், ஈர இலை களைத்த காற்றைச் சந்திக்கும். சுமார் இருபது நிமிஷப் பயணம். டீமேக்கர் கண் வைத்திருப்பது இரண்டு வெப்பமானிகளில்: காற்று நுழைகிற இடத்தில் ஒன்று, வெளியேறுகிற இடத்தில் ஒன்று. வெளிவாயில் 50க்கும் 55க்கும் இடையே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இலையில் நொதிப்பு நிற்காது. ஈரச் சூட்டில் அது மேலும் மேலும் நடந்துகொண்டே இருக்கும். மூங்கில் குழலில் பிட்டு வேகிற மாதிரி இலை தன் ஆவியிலேயே வெந்துபோகும். அந்தத் தேநீரில் உயிர் இருக்காது. மறுபக்கம், சூடு மிஞ்சினால் இலையின் வெளித்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். கையில் எடுத்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். பெட்டிக்குள் போனபின் பூஞ்சணம் பிடிக்கும். சூடு கூடினால் நன்றாகக் காயும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

வெளிவாயில் இறங்குகிறது. ஏன்? முதலில் எல்லாரும் அடுப்பைப் பார்ப்பார்கள், லாண்டரி முதலாளி பேர்னரைப் பார்ப்பதுபோல. அடுப்பில் குறை இருக்கவும் கூடும். இன்று பெரும்பாலான தொழிற்சாலைகள் விறகில் ஓடுகின்றன. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய பிறகு பலர் விறகுக்குத் திரும்பினார்கள். பாதி எடை தண்ணீராக இருக்கிற பச்சை விறகு ஒரு கிலோவுக்கு 8 மெகாஜூல் தரும். 20 வீத ஈரத்துக்குக் காயவைத்த அதே மரம் 14 தரும். விறகுக் கொட்டிலின் கூரை ஒழுகினால் பாதி அடுப்பு போன மாதிரி. குழாய்களுக்குள் கரி படிந்தால் நெருப்பு நன்றாக எரியும், சூடு புகைபோக்கி வழியே மலைக்குப் போகும். குழாய் வெடித்திருந்தால் இன்னும் மோசம். டேவிட்சன் பிரித்துவைத்த புகையும் காற்றும் மறுபடி சேர்ந்து, தேயிலையில் புகை மணக்கும். கொழும்பு ஏலத்துக்கு அதை எடுத்துப்போவதும் ஒன்றுதான், எடுத்துப்போகாமல் விடுவதும் ஒன்றுதான்.

ஆனால் ஐப்பசிக் கோளாறு வேறு. மழையில் நனைந்த கொழுந்து மேல்மாடிக்கு வருகிறது. வெளிக்காற்றில் அது வாடாது. எனவே அடுப்பின் வெப்பக் காற்றில் ஒரு பங்கை மேலே திருப்பிவிட்டு வாட்ட வேண்டும். அந்தப் பங்கு டிரையருக்குக் குறையும். குறைந்த காற்றில் ஓடுகிற டிரையருக்கு, அவசரத்தில் அரைவாட்டத்தோடு இறங்கிய இலை வந்து விழும். ஈரம் அதிகம், காற்று குறைவு. வெளிவாயில் மேலும் இறங்கும். இலையை மெதுவாக ஊட்டினால் உலரும், ஆனால் பின்னால் நிற்கிற இலை நொதித்து எல்லை தாண்டும். வேகமாக ஊட்டினால் வேகும். கூடுதல் விறகு போடலாம், விறகும் நனைந்திருக்கிறது. மாடியும் அடுப்பும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிற இந்தச் சுழலில் டிரையர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது, ஆனால் குற்றம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் மாடியில் நடந்தது.

லாண்டரியிலும் அதே கதைதான். நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பருத்தித் துவாய் தன் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரோடு வரும். சுழற்சி சரியில்லாத இயந்திரத்திலிருந்து வருவது தன் எடைக்குச் சமமான தண்ணீரோடு வரும். டிரையருக்கு வேலை இரண்டு மடங்கு. முறைப்பாடு டிரையரின் மேல். கோளாறோ பக்கத்தில் நிற்கிற வோஷிங் மெஷினின் தேய்ந்த பெல்ட்டில். தண்ணீரைச் சுழற்றி எடுப்பது ஆவியாக்கி எடுப்பதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் சூடுதான் கையில் படுகிறது, கண்ணில் தெரிகிறது. ஆகவே மனம் அங்கேயே போகிறது.

இடையில் ஒன்று. கொழுந்து நனையும்போது அதைப் பறிக்கிறவளும் நனைகிறாள். இடுப்பில் கட்டிய படங்கும் தலையில் போட்ட கம்பளியும் மழையைக் குடித்துக் கனத்துப்போகும். இலைக்கு 95 பாகைக் காற்றும் இரண்டு வெப்பமானிகளும் உண்டு. அவளுடைய கம்பளி லயத்துக் குசினியில் விறகடுப்புக்கு மேலே, புகைக்குள், மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குள் காய்ந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஈரத்தோடேதான் மலை ஏற வேண்டும். அந்தக் குசினியில் புகைபோக்கி இல்லாத இடங்கள் நிறைய. வெளியே போக வழி இருக்கிறதா என்று பாஸ் லாண்டரியில் முதலில் பார்ப்பதை அங்கே பார்த்திருந்தால் எத்தனையோ நெஞ்சுகள் தப்பியிருக்கும்.

தொழிற்சாலையின் படிநிலையும் இந்த நோயறிதலில் கை வைக்கிறது என்பது என் எண்ணம். விறகு போடுகிறவர் எல்லாருக்கும் கீழே, தரைமட்டத்தில், வெக்கையில் நிற்கிறார். வாட்டும் மாடியைத் தீர்மானிப்பவர், எத்தனை மணிக்கு இலையை இறக்குவது, எவ்வளவு காற்றை மேலே திருப்புவது என்று சொல்கிறவர், மேசைக்குப் பின்னால் இருக்கிறார். சூடு இறங்கியது என்றதும் பழி இயல்பாகவே கீழ்நோக்கி ஓடும்: அடுப்புக்காரன் தூங்கிவிட்டான், விறகைச் சரியாய்த் தள்ளவில்லை. நெருப்பு என்றால் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தானே பொறுப்பு.

விறகு போடுகிறவருக்குச் சாட்சி அந்த இரண்டு வெப்பமானிகள்தான். நுழைவாயிலும் இறங்கியிருந்தால் அடுப்படியில் விசாரிக்கலாம்: விறகு, கரி படிந்த குழாய், தூக்கம் எல்லாவற்றையும். நுழைவாயிலில் 95 அசையாமல் நின்று, வெளிவாயில் 45க்கு இறங்கினால், அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். அப்போது விசிறியின் பெல்ட்டைப் பார்க்க வேண்டும், துளைத்தட்டில் தூள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படியேறி மாடிக்குப் போய், நாளைக்கு இறங்கப்போகிற இலையை ஒரு கை அள்ளி உருண்டையாய் அமுக்கிப் பார்க்க வேண்டும். விட்டதும் அது மெல்ல அவிழ்ந்தால் வாட்டம் சரி. நறநறவென்று உடைந்து சிதறினால், நாளைக் காலையும் வெளிவாயில் இறங்கும், எத்தனை விறகு போட்டாலும்.